அந்தப் பக்கத்தில் வேறு கட்டுரை

என் மனைவி நர்சிங் கல்லூரியில் பேராசிரியையாக இருந்தாள். முதுகலை மாணவிகளின் ஆய்வேடுகளுக்கு வழிகாட்டுவது அவள் வேலைகளில் ஒன்று. மற்றவர்கள் ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து படிப்பார்கள். அவள் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவாள். அங்கேதான் ரெஃபரன்ஸ் இருக்கும். எழுதியவர் யார், எந்த இதழ், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்ற விவரமெல்லாம் வரிசை எண்ணோடு வரும். அதில் ஏதாவது ஒன்றின் மேல் பென்சிலை வைத்து, "இதை எடுத்துக் காட்டும்மா" என்பாள். மாணவியால் காட்ட முடியவில்லை என்றால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

நான் சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டுக்குப் பேர் போன ஊரை ஒட்டிய செவிலிமேட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும் பல வருடம் ரயிலில் போய் வந்தேன். என் பத்திரிகையை அவள் காலையில் படிக்கும் விதம் எனக்குப் பிடிக்காது.

"நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தனன்னு போட்டிருக்கீங்களே, அந்த வட்டாரம் உங்ககூட டீ குடிச்சுதா?"

"குடிச்சுது."

"அப்ப பேரைப் போடுங்க."

"பேரைப் போட்டா அடுத்த தடவை டீக்கு வராது."

"எங்க பொண்ணுங்க இப்படி எழுதினா ஃபெயில்தான்" என்று பேப்பரை மடித்து வைத்துவிடுவாள்.

அவளிடம் கடைசியாக ஆய்வு செய்த மாணவி பக்கத்து ஐயம்பேட்டைக்காரி. அப்பாவும் அம்மாவும் பட்டு நெய்பவர்கள். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு வரும் முழங்கால் வலிதான் ஆய்வின் பொருள். வாரத்தில் இரண்டு மாலை ஷேர் ஆட்டோவும் டவுன் பஸ்ஸுமாக மாறி எங்கள் வீட்டுக்கு வருவாள். சாப்பாட்டு மேஜையில் இருவரும் உட்காருவார்கள். மேஜைக்கு அடியில் சேலைக்கடை அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். உள்ளே சேலை கிடையாது. என் மனைவி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சேர்த்த ஆய்வுக் கட்டுரைகளின் ஜெராக்ஸ் பிரதிகள்.

அவர்கள் பேசுவது கூடத்தில் எனக்குக் கேட்கும்.

"இந்த ஆர்ட்டிகிளை நீ படிச்சியா, இல்ல இதைப் படிச்சவங்களைப் படிச்சியா?"

"அப்ஸ்ட்ராக்ட் மட்டும் படிச்சேன் மேடம், முன்னாடி இருக்கற சுருக்கம்."

"வாசப்படியில நின்னுட்டு வீடு முழுக்கப் பார்த்தேன்னு சொல்ற."

"ஃபுல் ஆர்ட்டிகிள் காசு கேக்குது மேடம்."

"அப்ப நம்ம லைப்ரரியில கேளு. அங்கேயும் இல்லன்னா எழுதினவங்களுக்கே மெயில் போடு. அனுப்புவாங்க. கெடைக்கலையா, விட்டுடு. படிக்காததைப் போடாத. நோயாளிக்கு மருந்து குடுக்கிறதுக்கு முன்னாடி பாட்டில்ல ஒட்டியிருக்கறத படிக்கிற இல்ல? அது மாதிரிதான் இதுவும்."

மாணவி சிரித்துக்கொண்டே சரி மேடம், சரி மேடம் என்பாள். என் மனைவியைப் பார்த்து அவள் பயப்படவில்லை. அதனாலேயே இந்த மாணவியை என் மனைவிக்குக் கூடுதலாகப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அந்த வருடம்தான் ஒரு காலையில் கல்லூரிக்குக் கிளம்பிய என் மனைவி எதிர்த்திசையில் போகும் வந்தவாசி பஸ்ஸில் ஏறிவிட்டாள். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிய பிறகு, இது எங்கே போகிறது என்று கண்டக்டரிடம் கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு சென்னையில் நரம்பியல் மருத்துவரிடம் போனோம். மருத்துவர் பெரும்பாலும் என்னைப் பார்த்துப் பேசினார். அவள் நடுவில் புகுந்து, எந்தப் பரிசோதனை, மதிப்பெண் எவ்வளவு, யாரோடு ஒப்பிட்டு அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். அவரும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். மறதி நோயின் தொடக்கம். மெதுவாகத்தான் போகும், ஆனால் போய்க்கொண்டே இருக்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்: "ரிட்டையர்மெண்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. வார்டு பக்கம் இனி போகப் போறதில்ல. கிளாஸையும் விட்டுடறேன். இந்த ஒரு பொண்ணு மட்டும் முடிக்கட்டும். அதுவரைக்கும் காலேஜுக்குத் தெரிய வேணாம்."

சரி என்றேன்.

சொன்னபடியே வகுப்புகளை வேறொருவரிடம் ஒப்படைத்தாள். கால் வலி என்று காரணம் சொன்னாள். மாணவி வரும் மாலைகளில் மட்டும் பழையபடி இருந்தாள். இன்னும் சொல்லப்போனால், முன்பைவிடத் தெளிவாக இருப்பது போலவே எனக்குப் பட்டது. அவளுடைய ஞாபகசக்தி கல்லூரியில் பேர் போனது. ஒரு கட்டுரையின் தலைப்பைச் சொன்னால் போதும், எழுதியவர், இதழ், ஆண்டு, தொகுதி, பக்கம் வரை சொல்வாள். மாணவிகள் வேண்டுமென்றே சோதித்துப் பார்த்துத் தோற்றிருக்கிறார்கள். ஆகவே ஒரு மாலை, "இந்த இடத்துக்கு ஒரு நல்ல ஆர்ட்டிகிள் இருக்கு, எழுதிக்கோ" என்று அவள் சொல்லச் சொல்ல மாணவி தட்டச்சு செய்தது கேட்டபோது நான் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. குடும்பப் பெயர், முதலெழுத்து, தலைப்பு, இதழ், ஆண்டு, அரைப்புள்ளி, தொகுதி, முக்காற்புள்ளி, பக்கம். ஒரு இடத்திலும் நிற்காமல் சொன்னாள். இப்படிப் பல மாலைகள் நடந்தன.

ஆய்வேட்டை வெளியூர் தேர்வாளர் ஒருவருக்கு அனுப்பினார்கள். அவர் எழுதி அனுப்பிய குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: பட்டியலில் உள்ள நான்கு கட்டுரைகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அவை இருப்பதாகத் தெரியவில்லை.

இது எனக்கு மாணவி சொல்லித்தான் தெரியும். வீட்டுக்கு வராமல், பஸ் நிலையத்துக்கு எதிரே பைண்டிங் செய்யும் ஜெராக்ஸ் கடைக்கு வரச் சொன்னாள். கோயில் திருவிழாவில் கருட சேவைக்கு முந்தின நாள். பஸ்களை எல்லாம் சுற்றி விட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கடை வாசலில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏ.ஐ.-கிட்ட கேட்டு வாங்கிப் போட்டுட்டேன்னு சொல்றாங்க சார். ஒரு வாரத்துல காலேஜ் கமிட்டிக்கு விளக்கம் குடுக்கணுமாம். இல்லன்னா தீசிஸ் ரிஜெக்ட், வருஷம் போயிடும். கிளாஸ் குரூப்ல எனக்கு ஏ.ஐ. அக்கான்னு பேர் வெச்சிருக்காங்க."

"அந்த நாலும் எங்கிருந்து எடுத்த?"

அவள் கடைக்குள் திரும்பிப் பார்த்தாள். கடைக்காரர் வேறு யாருடைய ஆய்வேட்டுக்கோ ஓரம் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"தேடிப் பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே. நிமிஷ வேலைதானே."

"மேடம் சொன்னதைத் தேடிப் பார்க்கிறதா சார்? கோயில்ல தீர்த்தம் குடுத்தா மோந்து பார்த்தா குடிக்கிறோம்?"

"இப்ப தேடினியா?"

"தேடினேன். ஒண்ணும் இல்ல." பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மேடத்துக்கு இன்னாமோ ஆயிருக்குதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும் சார். ஒரு நாள் என்னை வேற யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல. கமிட்டியில மேடம் பேரை நான் எடுக்க மாட்டேன். நானே போட்டேன்னு சொல்லிடறேன்."

"வீட்டுல தெரியுமா?"

"அப்பாகிட்ட சொல்லல. அவரு எங்க வூட்ல முதல் எம்.எஸ்ஸின்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காரு."

வீட்டுக்கு வந்து நானே தேடினேன். நான்கில் மூன்று இதழ்கள் உண்மையானவை. ஆண்டும் தொகுதியும் பொருந்தின. பார்க்க வேண்டியது பக்க எண் மட்டும்தான். அந்தத் தொகுதியில் அந்தப் பக்கத்தை எடுத்தபோது கைக்குழந்தைகளுக்குப் பால் புகட்டுவது பற்றிய ஒரு கட்டுரையின் நடுவில் போய் நின்றேன். மற்ற இரண்டிலும் இதேபோல வேறு விஷயம், வேறு ஆட்கள். நான்காவது இதழே இல்லை. இருந்திருக்கலாம் என்று நம்பும்படியான பெயர். அரைப்புள்ளி, முக்காற்புள்ளி எதிலும் பிழையில்லை. செய்தி மேஜையில் எத்தனையோ பொய்த் தகவல்களைப் பிடித்திருக்கிறேன். அவற்றில் எழுதியவனின் அவசரம் எங்காவது தெரியும். இதில் அவசரம் இல்லை.

மருத்துவரிடம் போனில் கேட்டேன். இப்படி நடப்பது உண்டு என்றார். "அவங்க பொய் சொல்லல. காலியான இடத்தை மூளையே நிரப்பிக்குது. அவங்களைப் பொறுத்தவரைக்கும் அது ஞாபகம்தான்."

அன்று மாலை என் மனைவியிடம் பொதுவாகக் கேட்பது போல அந்த நான்கில் ஒன்றின் தலைப்பைச் சொல்லி, வீட்டில் பிரதி இருக்கிறதா என்றேன்.

"இருக்கே. எதுக்கு?"

"படிக்கலாம்னு."

"நீங்களா?" என்று சிரித்தாள். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். பிறகு இன்னொன்று. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகப் பிரித்தாள். "நான் படிச்சிருக்கேன். இடது பக்கம், கீழ ஒரு டேபிள் இருக்கும். பக்கத்துல பென்சில்ல குறிச்சு வெச்சிருக்கேன்." எல்லாப் பெட்டிகளும் வெளியே வந்தன. கூடம் முழுக்கக் காகிதம். நான் போதும் என்றேன். "இங்கதான் இருக்கணும்" என்றாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில், யாரோ மாணவி எடுத்துப் போயிருப்பாள் என்று முடிவு செய்துகொண்டு எழுந்தாள். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

கல்லூரிக்குச் சொல்வதில்லை என்று நான் கொடுத்த வாக்கும் மாணவியின் வருடமும் ஒன்றாக நிற்க முடியாது என்பது அந்தக் காகிதங்களை மறுபடி அடுக்கும்போது தெளிவாகிவிட்டது.

கல்லூரி முதல்வர் ஒரு காலத்தில் என் மனைவியின் மாணவி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "மேடம் கால் வலி எப்படி இருக்கு சார்?" என்று கேட்டார். நான் கால் வலியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். 

"சார், தப்பா நெனைக்காதீங்க. கமிட்டியில இதை நான் வாயால சொன்னா ஏத்துக்க மாட்டாங்க."

"தெரியும். மருத்துவரோட ரிப்போர்ட் கொண்டு வந்திருக்கேன்."

வாங்கி முழுக்கப் படித்தார். முதல் பக்கத்தோடு நிறுத்தவில்லை, கடைசி வரி வரை படித்தார். யாரிடம் பயின்றவர் என்பது அதிலேயே தெரிந்தது.

"அந்தப் பொண்ணு ஏ.ஐ.-யை வெச்சு ஏமாத்தலன்னு இதை வெச்சுச் சொல்லிடலாம். ஆனா படிக்காம போட்டிருக்கா சார். அது தப்புதானே. அதை எங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே மேடம்தான்."  அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மாணவியின் வருடம் வீணாகாமல் தப்பியது. நான்கு கட்டுரைகளையும், அவற்றை நம்பி எழுதிய பத்திகளையும் நீக்கிவிட்டு, அந்த அத்தியாயத்தை வேறு வழிகாட்டியின் கீழ் மறுபடி எழுதித் தர வேண்டும். மாணவிக்கு எழுத்துமூலம் ஒரு கண்டிப்பு. என் மனைவி ஓய்வு பெறும் வரை விடுப்பில் இருக்கலாம். வழியனுப்பு விழா பற்றி யாரும் பேசவில்லை.

மனைவியிடம் நான் ஒரு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். முதலில் அவள் கேட்டது, "யார் தேடினாங்க?"

"தேர்வாளர் தேடினார். அப்புறம் நான் தேடினேன்."

"காட்டுங்க."

லேப்டாப்பைத் திறந்து அந்தத் தொகுதியை, அந்தப் பக்கத்தை வைத்தேன். குழந்தைகளுக்குப் பால் புகட்டும் கட்டுரை. படித்தாள். முந்தின பக்கத்துக்குப் போனாள். அடுத்த பக்கத்துக்குப் போனாள். தொகுதியின் உள்ளடக்கத்துக்குப் போய் மேலிருந்து கீழ்வரை விரலால் தொட்டுப் பார்த்தாள். மற்ற இரண்டையும் இதேபோலச் செய்தாள், நான்காவது இதழின் பெயரைத் தானே தட்டித் தேடிப் பார்த்தாள்.  தெருவில் கேஸ் சிலிண்டர்காரன் இரும்பைத் தட்டிக்கொண்டு போனான்.

"காலேஜுக்கு நீங்க போனீங்களா?"

"போனேன்."

"என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

"சொன்னா நீ வேணாம்னிருப்ப."

"இல்ல" என்றாள். "கூட வந்திருப்பேன்."

 

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். என்னிடம் சொல்வது போல இல்லாமல், "அவ படிச்சாளான்னு நான் கேக்கவே இல்ல" என்றாள். "எல்லாரையும் கேட்டேன். நான் சொன்னதுக்கு மட்டும் கேக்கல."

மாணவி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஐயம்பேட்டையிலிருந்து அவள் அம்மா கொடுத்தனுப்பிய கொய்யாப்பழம் கையில் இருந்தது. என் மனைவி அவளை அடையாளம் கண்டுகொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மேஜையருகே உட்காரச் சொன்னாள்.

"முட்டி வலி என்னா சொல்லுது?"

"நல்லாருக்குது மேடம். புது கைடு ஒண்ணும் திட்டறதில்ல."

"அதான் கவலையா இருக்கு."

இருவரும் சிரித்தார்கள். பிறகு மாணவி மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். வழிகாட்டி என்ற இடத்தில் மேடத்தின் பெயர் போட முடியாது, ஆனால் நன்றி சொல்லும் பக்கத்தில் போடலாம், முதல்வரிடம் கேட்டுவிட்டேன் என்றாள்.

"வேணாம்."

"ஏன் மேடம்?"

"தீசிஸை எடுக்கிறவங்க நன்றிப் பக்கம் பார்ப்பாங்க. என் பேர் இருந்தா அந்த நாலும் ஞாபகம் வரும். மிச்சம் இருக்கிறதையும் சந்தேகப்படுவாங்க. நீ வூடு வூடா போய் அத்தினி பேரோட முட்டியைத் தொட்டுப் பார்த்து எழுதியிருக்க."

"சந்தேகப்படட்டும் மேடம். பார்த்துக்கலாம்."

"எனக்கு வேணாம்மா." குரலை உயர்த்தவில்லை. "எங்கயும் போடாத. சரின்னு சொல்லு."

மாணவி என்னைப் பார்த்தாள். நான் கொய்யாப்பழத்தைப் பார்த்தேன். சரி மேடம் என்றாள். அன்று அவளை பஸ் ஏற்றிவிடப் போனபோது வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். பஸ் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வு நல்லபடியாக முடிந்தது. தறிக்காரர்கள் நடுவில் எழுந்து காலை நீட்டிச் செய்யக்கூடிய பயிற்சிகளைப் பற்றி அவள் எழுதியிருந்ததைத் தேர்வாளரே பாராட்டியதாகச் சொன்னாள். பைண்ட் செய்த ஒரு பிரதியை அஞ்சலில் அனுப்பினாள். அது வந்தபோது சில மாதங்கள் ஓடியிருந்தன. என் மனைவி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். சில நாட்களில் என்னைத் தன் அண்ணன் என்று நினைத்துக்கொண்டாள், சில நாட்களில் முழுசாக இருந்தாள். பிரதி வந்தது ஒரு நல்ல நாளில்.

மேஜையில் வைத்து, பழக்கப்படியே கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தாள். பென்சில் கேட்டாள். கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக இறங்கினாள். ஒரு இடத்தில் இதழின் சுருக்கப் பெயரில் புள்ளி கூடுதலாக இருப்பதாகச் சொல்லி வட்டம் போட்டாள். பார்த்தேன், சரிதான். நான் அதைக் கவனித்திருக்கவில்லை. பட்டியல் முழுவதையும் முடித்துவிட்டு, "நல்லா பண்ணியிருக்கா" என்றாள். பிறகு முன்பக்கம் திருப்பினாள். வழிகாட்டியின் பெயரைப் பார்த்தாள். நன்றிப் பக்கத்தைப் பார்த்தாள். முதல்வர், புது வழிகாட்டி, அப்பா, அம்மா, ஆய்வில் பங்குகொண்ட நெசவாளர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். விரலை வைத்து இன்னொரு முறை படித்தாள்.

"என் பேரே இல்லையே."

"நீதான் போட வேணாம்னு சொன்ன."

"நானா? எப்ப?"

"அவ இங்க வந்தப்ப. இதே மேஜையில."

"அவ வந்தாளா?" சற்று யோசித்தாள். "நான் எதுக்கு அப்படிச் சொல்லணும்?"

காரணத்தைச் சொல்வதென்றால் நான்கு கட்டுரைகளையும் மறுபடி சொல்ல வேண்டும். லேப்டாப்பைத் திறந்து அந்தப் பக்கங்களைக் காட்ட வேண்டும். அவள் மறுபடி உள்ளடக்கம் முழுவதையும் விரலால் தொட்டுப் பார்ப்பாள். லேப்டாப் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"அவளோட நல்லதுக்குத்தான் சொன்ன" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என் வார்த்தையை மட்டும் வைத்து எதையும் ஒப்புக்கொண்டதில்லை. வட்டிவிகிதம் ஆனாலும் வானிலை ஆனாலும் எங்கே பார்த்தீர்கள் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஆய்வேட்டை மூடி என்னிடம் கொடுத்தாள்.